கட்டுச்சோறு

காரங்காட்டில் இன்று வத்தம் ஐந்தரை மணிக்கு.
லியோன் படகை அலையாத்திக்குள் செருக,
முழங்கால் வரை சேற்றில் இறங்குகிறேன்.
அழுகிய முட்டை வாடை.
"உள்ள யாரோ வேலை பாக்குறாங்க"
மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறான்.
சரியாகத்தான் சொல்கிறான்.

ஒரு பிடிச் சேறு:
ராமநாதபுரத்து வாக்காளர் பட்டியலைவிட
நீளமான கூட்டம்.
போன வருடம் அவர்களுடைய பெயரைக் கேட்டேன்.
டி.என்.ஏ.வைப் பிரித்துச் சென்னைக்கு அனுப்பி
ஆறு வாரம் கழித்து வந்த தாளில்
பாதிப் பேர் "அடையாளம் தெரியாதது".
பெயர் தெரிந்தவர்களுக்கோ
செய்யக்கூடிய தொழில் மட்டும் எழுதியிருந்தது.
வலை வைத்திருக்கிறவனெல்லாம்
நேற்று கடலுக்குப் போனான் என்று ஆகுமா?

அதனால் இந்த வருடம் விருந்து.
தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு,
உள்ளங்கையில் அடங்கும்.
முப்பத்தொரு பதார்த்தம், ஒவ்வொன்றும் மூன்று குழியில்.
பால் சர்க்கரை, அமினோ அமிலம்,
இறால் ஓட்டைச் சிதைத்தால் கிடைக்கும் ஒரு சர்க்கரை.
சேற்றைக் கரைத்துச் சொட்டு விட வேண்டும்.
தின்று மூச்சு விட்டால்
குழி கத்தரிப்பூ நிறமாகும்.
மிச்சம் மூன்றில் வெறும் தண்ணீர்.
அவை நிறம் மாறக் கூடாது.
அந்த மூன்றும் என் சாட்சிகள்.

தொண்டியில், ஆய்வகத்தில்,
இரண்டு முறை கரண்டு போய் வந்த
நாற்பத்தெட்டாம் மணி.
இறால் ஓட்டுச் சர்க்கரைதான் முதலில் மாறியது.
எழுந்து நின்று சிரித்தேன், தனியாக.
அப்புறம் கடைசி வரிசை.
தண்ணீரும் கத்தரிப்பூ.

மூன்று சாட்சியும் பிறழ்ந்துவிட்டன.
இரவு முழுக்கக் காரணம் தேடினேன்.
பனிக்கட்டியா? நண்டுக் கம்பெனியில் வாங்கிய பெட்டியா?
விடியும்போது புரிந்தது:
நான் போதுமான அளவு கரைக்கவில்லை.
சேற்றின் இலைமக்கல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.
விருந்துக்கு வந்தவர்கள்
கட்டுச்சோற்றோடு வந்திருக்கிறார்கள்.
எதைத் தின்றார்கள், யார் சோற்றை,
தட்டு சொல்லாது.

நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்:
பத்து மடங்கு கரை. மறுபடி செய்.
அதன் கீழே, நீலத்தில்:
அவர்கள் வீட்டுக்கே போ.

மறு வத்தத்தில் லியோன் படகில் ஏறினேன்,
இருபது வெள்ளைப் பருத்தித் துண்டுகளோடு.
சேற்றில் புதைத்து, இருபத்தெட்டு நாள் கழித்து எடுத்து
இழுத்துப் பார்க்க வேண்டும்,
எத்தனை கிலோவுக்குக் கிழிகிறது என்று.
"நண்டு கிழிச்சா?"
என்று கேட்டான் லியோன்.

நான்கு மூங்கில் குச்சி நட்டு முடித்தபின்னும்
அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.
ஏத்தம் தொடங்கி
முதல் குச்சியின் அடி நனைந்தது.