பத்து பைட்

திருநெல்வேலி. ஆய்வுகூடத்தின் இரண்டாம் மாடி.
மாரி மழை கண்ணாடியில் சாய்ந்தடிக்கிறது.
நிரோஜன் விட்டுப்போன கோப்பைத் திறந்தால்
புது மென்பொருள் முகம் திருப்புகிறது:
"பதிப்பு ஒன்று. அறியேன்."

சரி, பச்சையாகவே வாசிப்போம்.
முதல் நாலு பைட் அதன் பெயர்.
அடுத்த இரண்டு பதிப்பெண்,
சின்னது முன்னால், பெரியது பின்னால்,
பந்தியில் பிள்ளைகளை முதலில் இருத்துவதுபோல.
பிறகு அணுக்கள்.
கண்ணாடி விரியன் நஞ்சில் ஒரு புரதம்,
தொள்ளாயிரத்து நாற்பது அணு.

அணுவுக்கு இருபது பைட் என்று
இரண்டாம் பதிப்பின் கோலால் அளந்தேன்.
சந்தைக்குப் போன லொறி கவிழ்ந்து
றோட்டெல்லாம் வெங்காயம்.

ஒரு மணித்தியாலம் பிடித்தது பிடிபட.
பழையதில் பதினாறுதான்.
மிச்ச நாலைப் பின்னாளில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்,
நிழல் வேண்டுமா என்று கேட்க மட்டும்.
அந்த நாலுக்காக ஒவ்வோர் அணுவும்
அடுத்த அணுவின் முகவரியில் போய் நின்றிருக்கிறது.

ஒரு வரி எழுதினேன்:
பதிப்பு இரண்டுக்குக் குறைவென்றால் தாண்டாதே.
சுருள்கள் எழுந்தன.
சேமித்த கோணம் வந்தது,
நான் ஒருநாளும் திருப்பிப் பாராத பக்கம்,
கல்சியத்துக்கு வெகு கிட்ட.

அங்கே ஒரு குறிப்பு.
கமா. க்யூ. அரைப்புள்ளி. பெரிய என். சின்ன எஃப்.
இடைவெளி.
ஜி, பி, ஐ, ஓ.
குப்பையென்று அழிக்கப் போன விரல் நின்றது.
இது பாமினி.
கலியாணக் கார்ட்டும் கண்ணீர் அஞ்சலியும்
அடித்துத் தள்ளிய அதே எழுத்துரு.
கண்ணுக்கு முன்னால் விரல் வாசித்தது:
இங்கே பிழை.

மூன்று வருடத்துக்கு முன்
இதே கோப்பை மாற்றித் தந்த செயலி
தனக்கு விளங்காத பத்து பைட்டை எறிந்துவிட்டு
"வெற்றி" என்று பச்சையில் எழுதியது.
அந்தப் பச்சையின் மேல் நிற்கின்றன
என் ஆய்வேட்டின் நாலு அத்தியாயம்.

நிரோஜனுக்கு இப்போது நெல்லியடியில் போன் கடை.
எடுத்தான். பின்னால் யாரோ
கவரின் விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.
"ஓ, அந்தக் கல்சியமோ? அது வெறும் தண்ணி.
அப்பவே எழுதி வைச்சனான் எல்லே."

மழை விடவில்லை.
மூன்றாம் பதிப்பென்று எண்ணைக் கூட்டினேன்.
விளங்காதவற்றுக்கும் அதில் ஒரு அறை:
முதலில் நீளம், பிறகு உள்ளது உள்ளபடி.

சேமித்துவிட்டு ஆய்வேட்டைத் திறந்து
கல்சியம் என்ற சொல்லைத் தேடினேன்.
நூற்றுப் பதினேழு இடம்.