எண் நிற்கும்வரை

பகாவ் அரசாங்கக் கிளினிக்கில்
என் எண் நாற்பத்தேழு.
என்ன வியாதி என்று மலாயில் கேட்டாள் முகப்புப்பெண்.
காய்ச்சல் என்றேன்.
பின்னால் நின்ற மூவரும் ஓரடி நகர்ந்துகொண்டார்கள்.

வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஐந்து மாதம்.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலையோடு ஏறும் லாரியை எழுதுவேன்,
கொட்டிவிட்டு வரும் லாரியை எழுதுவேன்,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பழம்.
எதையாவது கழிக்காமல் கணக்கு முடியாது
என்பது தொழில் தந்த புத்தி.

அந்த இடத்துக்குத் தமிழில் எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம்
பந்துத் திடலில், சண்டையில் கற்றவை.
மலாயில் தெரிந்தது ஒன்றுதான், சுனாட்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே கத்தி இருந்தது.
செய்துகொண்டால் கோயில் கமிட்டியில் என்ன பேசுவார்கள்
என்றுகூட ஓர் இரவு முழுக்க யோசித்தேன்,
கோயில் கமிட்டிக்கு அதை யார் காட்டப்போகிறார்கள்
என்று விடியும்போதுதான் தோன்றியது.

டாக்டர் இயோ என்னைவிட இளையவள்.
"கெத்தாட், டாக்டர்" என்றேன்,
துருப்பிடித்த நட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
அவள் சிரிக்கவில்லை.
எத்தனை நாளாய்? எப்போதுமே.
வலி?
தலையை மட்டும் ஆட்டினேன்.
உதவியாளர் ஹாஸிமை அருகில் நிறுத்திக்கொண்டு
விளக்கை இழுத்துப் பார்த்தாள்.
விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், ஐந்து புள்ளி நான்கு.
வெள்ளை வடு இல்லை, புண் இல்லை.
அறுக்க வேண்டியதில்லை, இப்போதைக்கு.

இப்போதைக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு
மருந்து ஜன்னல்வரை நடந்தேன்.

சுண்டுவிரல் அளவு ஒரு ட்யூப்.
காலையும் இரவும், இறுகுகிற வளையத்தில் மட்டும்,
மெலிதாக, கிரீஸ் மாதிரி அப்பாதே.
வெந்நீரில் கொஞ்சம் இரு. பிறகு தோலை மெல்லப் பின்னால் இழு
இறுக்கம் தெரியும்வரை. வலிக்கு முன்னால் நில்.
இழுத்ததை அப்படியே விடாதே, முன்னுக்குக் கொண்டுவா.
பின்னால் சிக்கி வீங்கினால்
எண் எடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடு.
சோப்பு வேண்டாம்.
ஆறு வாரம், எட்டு வாரம். சிலருக்குக் கேட்காது,
கேட்காவிட்டால் அப்போது பேசுவோம்.
ஹாஸிம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார்,
ரெண்டாங் சமைக்கச் சொல்லித்தருகிறவர்போல்,
கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல்.

முதல் வாரமே அவசரப்பட்டேன்.
சின்னக் கீறல், ஒரு புள்ளி இரத்தம்.
இரண்டு நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு
லாரி எண்களைத் தப்பாக எழுதினேன்.

ட்யூப் இருந்தது மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில்,
மழைக்கோட்டுக்குள் சுருட்டி.
மழை வந்த வியாழக்கிழமை
லோஷினி எடுத்திருக்கிறாள்.
"உன் மருந்து நல்லாக் கேக்குது" என்றாள்,
எறும்பு கடித்த கணுக்காலைக் காட்டி.
"சொறியா உனக்கு? எங்கே?"

சிரிப்பு வந்தது, அதன் பின்னால் வேறொன்றும் வந்தது.
சொன்னேன்,
கிளினிக்கில் சொன்னதைவிட நீளமாக.
அவள் வெகுநேரம் பேசவில்லை.
அலமாரிமேல் வரிசையாய் நின்ற
மூன்று புது முகப்பூச்சுகளை,
பாதி தீர்ந்த வாசனைத் தண்ணீரைப் பார்த்தபடியே
"எம்மேல ஏதோ வாடைன்னு நெனச்சேன்" என்றாள்.

ஐந்து மாதமாய் அவள்
தன்னைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்,
பக்கத்தில் படுத்திருந்த கிராணிக்குத் தெரியவில்லை.

இன்று நாற்பதாவது நாள்.
சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
முக்கால் என்கிறாள் டாக்டர் இயோ, இன்னும் இரண்டு வாரம் என்கிறாள்.
லாரி மேடை ஏறியதும் எண் நடுங்கும்,
புது டிரைவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள்
எழுது, எழுது என்று.
நான் எழுதுவதில்லை.
தானாக நிற்கட்டும்.

குளியலறையில் வாளி நிரம்புகிறது.
"சூடு போதுமா பாரு" என்கிறாள் லோஷினி
கணுக்காலைச் சொறிந்துகொண்டே.