ஒன்பது புள்ளி

ஆலங்கட்டி பெய்தது பதினோரு நிமிடம்.
அதன் கணக்கு என் மேசைக்கு வந்து சேர ஆறு நாள்.
அலசானி ஆற்றுக்கு இக்கரையிலிருந்த அத்தனை திராட்சைத் தோட்டமும்
காகிதமாகி, கிளிப் மாட்டிக்கொண்டு,
தெலாவி காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு
ஏறி வந்தது.
ஆயிரத்து நூற்று அறுபது மனு.
ஆள், நான் ஒருத்தி.
நுக்ரி காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான்.
கொடுத்துவைத்தவன் என்று ஒரு மத்தியானம் நினைத்தேன்;
நினைத்ததற்கு வெட்கப்பட நேரமில்லை.

திபிலீசியிலிருந்து தெங்கிஸ் கூப்பிடுவார்:
"எலிசோ, இதை மட்டும் முதலில்."
ஒரே நாளில் நான்கு முதல்.
எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.
சரி என்பது சின்னச் சொல், செலவில்லை,
எச்சில் போல் தானாக ஊறுகிறது.
வீட்டில் மகன் உப்பைக் கேட்டபோதும்
"சரி, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
எழுந்துபோய் உப்பை எடுத்துக்கொண்டான்.

எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை:
ஒரு மனுவை எடுத்து முடிக்காமல் வைத்தால்
மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி.
வேறு யாருக்கும் அது அழுக்கு.

பத்தொன்பதாம் நாள் மக்வாலா என்பவளின் மனு கைக்கு வந்தது.
அரை ஹெக்டேர், சபெராவிக் கொடி,
நான்கு புகைப்படம், ஒன்றில் அவள் கட்டைவிரல்.
மூலையில் ஒன்பது புள்ளி.
ஒன்பது முறை இவள் பெயரைப் படித்திருக்கிறேன்.
ஒன்பது முறை போன் அடித்திருக்கிறது.
மேகத்துக்குப் பதினோரு நிமிடம் போதுமாயிருந்தது.
நான் பத்தொன்பது நாளாக
அவள் தோட்டத்தின் மேல் பெய்துகொண்டிருக்கிறேன்.

போனை டிராயருக்குள் வைத்து மூடினேன்.
பெட்டிக்குள் மாட்டிய வண்டு மாதிரி உறுமியது.
உறுமட்டும்.
இலை எத்தனை, குலை எத்தனை, தண்டு கிழிந்தது எத்தனை.
அறுபத்திரண்டு சதவீதம். கையெழுத்து. முத்திரை.
நாற்பது நிமிடம்,
அவ்வளவுதான் இருந்தது அதற்குள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
என் பிழைப்பே அதுதானே:
சாணா முழமா என்று அளந்து சொல்வது.
ஊரார் வெள்ளத்தையெல்லாம் அளந்தவள்
என் தலைக்கு மேல் நிற்பதை அளந்ததில்லை.

அளந்தேன்.
ஏழு மணி நேரம், மனுவுக்கு நாற்பது நிமிடம்.
பத்தரை வந்தது.
அரையை எனக்கு வைத்துக்கொண்டேன், சாப்பிட.

தெங்கிஸிடம் சொன்னேன்: "நாளுக்குப் பத்து.
பதினோராவது வேண்டுமென்றால்
பதினோராவதுக்கு ஓர் ஆள்."
அந்தப் பக்கம் யாரோ கரண்டியால் டீ கலக்கும் சத்தம்.
"பார்க்கலாம்" என்றார்.
என் தொண்டையில் அந்தச் சின்னச் சொல் ஊறியது.
விழுங்கினேன்.

கதவில் ஒட்டினேன்: இன்று பத்து. கீழே பத்துப் பெயர்.
கோச்சா அதைக் கிழித்தெறிந்தான்,
என் தாயையும் இழுத்துத் திட்டினான்,
பெஞ்சில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்து தரையெல்லாம் தொலி.
அவனுக்கு எட்டாம் நாள் என்று சொன்னேன்.
இதுவரை யாரும் அவனுக்கு ஒரு நாளைச் சொன்னதில்லையாம்;
"நாளை, நாளை" என்றுதான் கேட்டிருக்கிறான், என் வாயிலிருந்தே.
எட்டாம் நாள் வந்தான்,
சவரம் செய்துகொண்டு.

தெங்கிஸ் அனுப்பிய பெண்ணுக்கு
கொடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது.
நாளுக்கு மூன்று முடிக்கிறாள். மூன்று மூன்றுதான்.
அறுவடை முடிந்தும் மனுக்கள் மீதியிருக்கும்,
அது எனக்குத் தெரியும், கதவுக்குத் தெரியும்.

சில மாலைகளில் கை பழைய கைதான்.
விளக்கை அணைத்தபின் பதினொன்றாவதை எடுத்துவிடுகிறது.
அன்றைக்குப் பென்சிலை என் மணிக்கட்டில் வைத்து
ஒரு புள்ளி.
இந்த மாதம் மூன்று.