ஊடகத்தை நீக்கிவிட்டு

இரவு பதினொன்று பத்து. ஈசூன், பன்னிரண்டாம் மாடி.
திரையில் ஒரே ஒரு கேள்வி:
வட்டில் உள்ள அனைத்தையும் அழிக்கலாமா?
அழிக்கலாம்.
என்டரைத் தட்டினேன்.
கேள்வி அப்படியே நின்றது.
இன்னும் அழுத்தித் தட்டினேன்,
மின்தூக்கிப் பொத்தான்
ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும்
ஆறு தடவை அமுக்குகிறவள் நான்.

கம்பியில்லாத கீபோர்டு. சாம்பல் நிறம்.
மொழி கேட்டபோது ஒழுங்காகக் கீழிறங்கித்
தமிழைத் தொட்டது.
ஊர் கேட்டபோதுதான்
சிங்கப்பூரில் ஜி எழுத்து நான்கு முறை விழுந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பேட்டரி மாற்றினேன்.
வீட்டில் வேறு இல்லை, சுவர்க் கடிகாரத்தில் கழற்றியது.
அதனால் இதற்குமேல் மணி என்னவென்று
என்னைக் கேட்காதீர்கள்.

சுண்டுவிரல் நகத்தளவு ரிசீவர்.
பிடுங்கினேன், ஊதினேன், திரும்பச் செருகினேன்
அதே நீலத் துளையில்,
லினக்ஸ் இருந்த பென் டிரைவின் தோளோடு தோளாக.
அணைத்துவிட்டுத் தொடங்கினால் கொஞ்சம் பேசும்.
பென் டிரைவின் விளக்கு படபடத்ததும்
வாய் மூடிக்கொள்ளும்.
கர்னல் வரியில் ஏதோ சேர்த்தேன்,
அதில் பாதி எழுத்துதான் போய்ச் சேர்ந்தது.

பெட்டி என்னுடையதல்ல, எழில்வாணியுடையது.
மூன்று வருடம் இந்த அறையில் இரண்டு கட்டில்,
நடுவே ஒரு சாண்.
துவாஸ் ஷிப்டுக்கு நான் வைக்கும் நாலரை அலாரத்தில்
அவளும் எழுந்துகொள்வாள்.
தூக்கத்தில் அவள் பல் நறநறப்பதை
நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.
சோற்றுப் பானையில் தண்ணீர் எவ்வளவு
என்பதில் ஆரம்பித்தது.
கடைசி நான்கு மாதம் பேச்சே இல்லை.
பொங்கோலுக்கு மாறிப்போன அன்று
பெட்டியின் மேல் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தாள்:
எல்லாம் எடுத்துக்கிட்டேன். அழிச்சிட்டு நீயே வச்சுக்க.

அழிக்கத்தான் பார்க்கிறேன்.

எதிர்வீட்டில் வெளிச்சம் தெரிந்தது.
ஹமீதாவின் மகன் ஃபயாஸ்
இரும்புக் கதவின் கம்பி வழியே நீட்டினான்:
விளையாட்டுக் கீபோர்டு, நீண்ட வால்,
ஒவ்வொரு விசைக்கடியிலும் வானவில்.
நாளை ஏழு மணிக்குள் வேண்டுமாம்,
பந்தயம் இருக்கிறதாம்.
எஸ் விசையில் மைலோ ஒட்டியது.

ஒரே தட்டு.
எழில்வாணியின் மூன்று வருடம்
சத்தமில்லாமல் போயிற்று.
பதினேழு விழுக்காட்டில் பட்டை கொஞ்சம் யோசித்தது.
நானும்தான்.
அப்புறம் இரண்டு பேரும் மேலே போனோம்.

ஜன்னலுக்குக் கீழே ஒருவர்
யாரிடமோ போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
அவர் வீட்டுக்குள் போவதற்குள் நூறு வந்துவிட்டது.

நிறுவல் முடிந்தது.
ஊடகத்தை நீக்கிவிட்டு என்டரை அழுத்தவும்.

பென் டிரைவைப் பிடுங்கினேன். சுட்டது.
கை, பழக்கத்தில்,
வானவில்லைத் தாண்டிச் சாம்பலுக்குப் போனது.
தட்டிய பிறகுதான் தப்பென்று தெரிந்தது.
தெரிவதற்குள் பெட்டி கீழ்ப்படிந்துவிட்டது.

நம்பவில்லை. பென் டிரைவை மீண்டும் செருகி
ஒரு கோப்பைப் பிரதி எடுக்க விட்டேன்: திக்கியது.
பிடுங்கினேன்: மடமடவென்று வந்தது.
பழைய நீட்டிப்புக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து
ரிசீவரை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
பக்கத்தில் அது பாட்டுக்கு இரைந்தது,
இது பாட்டுக்கு இது எழுதியது.

ஒரு சாண் என்று மறுபடி எழுதிவிட்டேன்.
இருக்கட்டும்.

போன் அடித்தது.
போன ஐந்து வாரமாகத் தினமும் அடிக்கிறது.
"அழிச்சிட்டியா?"
"அழிச்சிட்டேன்."
"கீபோர்டு நல்லா இருக்கா?
சும்மா சும்மா செத்துப்போகும், சொல்ல மறந்துட்டேன்."
"நல்லாத்தான் இருக்கு. நீ அதை எங்க வச்சிருந்த?"
அவள் சொன்னது விழவில்லை,
கடைசி எல்ஆர்டி அவள் ஜன்னலை உரசிப் போனது.
அது போகும்வரை
இரண்டு பேரும் காத்திருந்தோம்.