உட்பிரிவு பதினொன்று (ஆ)

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி
வக்கீல் ஆபீஸ் மாடியில் படித்துக் காட்டினார்கள்.
மெயின் காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பதினெட்டு லட்சத்தை
இன்சூரன்ஸ் கம்பெனி
என்னிடம் திருப்பிக் கேட்கிறதாம்.
கொடுத்ததை நான் பார்க்கவில்லை.
கேட்பது மட்டும் பதிவுத் தபாலில் வந்தது.

கையெழுத்து என்னுடையதுதான்.
அய்யந்துரை, தமிழில், கொஞ்சம் சாய்ந்து.
அதற்கு மேலே இருந்த இங்கிலீஷை
ஒரு சென்ட்ரிங் பலகை அளவுக்குக்கூட
நான் தட்டிப் பார்க்கவில்லை.

முட்டு இரும்பா, சில்வர் ஓக் கட்டையா
என்று கேட்டார் சர்வேயர்.
கட்டைக்குத்தான் சார் பில் பாஸ் பண்ணினார்கள்.
எழுதிக்கொள்ளவில்லை.
அன்றைக்கு மழையா?
ஏற்காட்டில், ஜூலையில், சார்.
எழுதிக்கொண்டார்.

நாலே நாள் ஆன சிலாப்பின் மேல்
ஒரு லோடு எம்-சாண்ட் ஏற்றச் சொன்னது யார்?
அவர்கள் இன்ஜினியர் என்கிறேன் நான்.
என் மேஸ்திரி என்கிறார்கள் அவர்கள்.
மணலைக் கேட்கலாம் என்றால்
அதைச் சலித்து அள்ளி
அடுத்த சைட்டில் பூசியாகிவிட்டது.

காதால் கேட்டவன் சடையன் ஒருவன்தான்.
கீழே முட்டுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.
இடுப்புக்குக் கீழே இப்போது உணர்ச்சி இல்லை.
அவர்கள் ரிஜிஸ்தரில் அவன் பெயர் இல்லை.
என் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே
'ஆள் 6' என்றிருக்கிறது.

நேற்று இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
அவன் வீட்டுக்குப் போனேன், ஹார்லிக்ஸோடு.
கட்டில் ஓரம் ஏற்கெனவே ஒன்று,
என்னுடையதைவிடப் பெரிய பாட்டில்.

அவன் முகட்டையே பார்த்துக் கிடந்தான்.
பொண்டாட்டிதான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
"இதுக்குப் பில் இருக்குதுங்களா?"