நாலாவது பொட்டலம்

ஆகஸ்ட் கடைசி.
கொய்யைக்கேயில் கூரைப்பனி இன்னும் இறங்கவில்லை.
விறகடுப்பின் பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டு
மூன்று விதைப் பொட்டலங்களை
சீட்டுக்கட்டாக விரிக்கிறேன்.

முதலாவது இடுப்புயரம் வருமாம்.
அட்டைப்படத்தில் ஒன்றுகூடச் சாயவில்லை.
படம் எடுத்தவன் எங்கள் காற்றைப் பார்த்ததில்லை.
போன வருஷம் அது
இசித்ரோவின் கோழிக்கூண்டைக் கோழிகளோடு தூக்கி
தபாலாபீசுக்குப் பின்னால் இறக்கி வைத்தது.
முட்டையிட மறந்து ஒரு மாதம்
பேந்தப் பேந்த விழித்தன கோழிகள்.

இரண்டாவது குட்டை ரகம், ஒரு சாண்.
"இதை எடு, தொந்தரவே இல்லை"
என்றாள் கடைக்கார ஹெர்மீனியா.
தொந்தரவில்லாத பூவை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று கேட்க நினைத்தேன்.
வாங்கிவிட்டேன்.

மூன்றாவது அடுக்கிதழ்.
பாவாடை மடிப்பு மடிப்பாய் விரிந்து கிடக்கிறது.
அழகுதான்,
ஆனால் வாய் இல்லை.
கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கினால்
திறந்து மூட வேண்டாமா ஒரு ஸ்னாப்டிராகன்?
குண்டு வண்டு வேறு இருக்கிறது, செம்பொன் நிறத்தில்.
அதன் கனத்துக்குத்தான் அந்த வாய் திறக்கும்,
மற்ற பூச்சிகள் வாசலோடு சரி.
இரண்டு கோடையாக அதைக் காணோம்.
வந்தால், திறந்தே கிடக்கும் வீட்டில்
அதற்கென்ன மரியாதை?

சிலியில் இதற்கு நாய்க்குட்டி என்று பெயர்.
மலைக்கு அந்தப்பக்கம் அர்ஜென்டினாவில் முயல்குட்டி.
நான் இந்தப்பக்கத்துக்காரி,
எவரிஸ்தோ ரியோ மாயோக்காரன்.
பதினோரு வருஷமாக ஒரே பாத்தியில்
நாயும் முயலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வீடு விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
அவன் நேற்றிரவுதான் திரும்பினான்.
இப்போது பூட்ஸைக் கழற்றுகிறான்.
காலுறையைக் கழற்றுகிறான்.
குதிகாலடியிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து
என் மூன்றின் பக்கத்தில் வைக்கிறான்.

எல்லையில் விதை கொண்டுவரக் கூடாது.
"பழம், தேன், விதை ஏதாவது?" என்று கேட்பவன்
என் அக்கா மகன்.
அவன் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்லிவிட்டு
நொண்டாமல் நடந்து வந்திருக்கிறான் மனுஷன்.

எவ்வளவு உயரம் வரும்?
"மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும்."
என்ன நிறம்?
"மஞ்சள். சில வருஷம் செங்கல்."
துரு நோய் தாங்குமா?
"தெரியாது."
யார் வைத்தது?
எழுந்துபோய் அடுப்பில் விறகு திணித்தான்.
அடுப்பில் விறகு நிறையவே இருந்தது.

கிளேலியாவை ஒரு புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன்.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்பாள்.
அவள் தோளுக்குப் பின்னால் ஏதோ பூ,
படம் வெளிறி என்ன பூவென்று தெரியாது.

மடிப்பைப் பிரித்தேன்.
மிளகுத்தூளைவிடப் பொடி.
மூச்சு பட்டாலே நகர்கிறது.
ஒரு தும்மல் போதும்.
அந்த நேரம் மூக்கு அரிக்கவில்லை என்று சொன்னால்
அது பொய்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு
ஈர மண்ணில் தூவினேன்.
மேலே மண் போடக் கூடாது இதற்கு,
வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.
புதைக்கவும் முடியாத விதை.

குட்டை ரகம் வாசலுக்கு, காற்றோடு அது பேசிக்கொள்ளட்டும்.
நெட்டையைப் பரண் மேல் போட்டாயிற்று.
ஐஸ்குச்சியில் பெயர் எழுதி நட வேண்டும்.
"முயல்குட்டி என்று எழுது" என்றான்.
தேதியை மட்டும் எழுதினேன்.

பதிமூன்றாம் நாள்
ஜன்னலோரத் தட்டில் பச்சையாய் ஏதோ தூசு.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறான்,
முளைத்திருக்கிறதா என்கிறான்,
நாயா முயலா என்று
இரண்டு இலையில் யார் சொல்ல முடியும்?
கொஞ்சம் தள்ளி நில், மூச்சு படுகிறது என்றேன்.

அடுக்கிதழுக்கு ஹெர்மீனியா
பணத்தைத் திருப்பித் தரவில்லை.
வெங்காய நாற்று ஒரு கட்டு கொடுத்தாள்.
அதற்கும் இடம் பார்க்க வேண்டும்.