சாந்து

உலர்ந்த செஸ்ட்நட் இரவெல்லாம் ஊறிற்று.
மடிப்பில் ஒட்டிய செந்தோலை
ஊசியால் கெல்லிக் கெல்லி எடுக்கிறேன்.
ஒரு துணுக்கை விட்டாலும் வாயெல்லாம் துவர்க்கும்.
பேரீச்சை, பாதாம், இரண்டு ஆரஞ்சின் சாறு,
அவித்த முட்டையின் மஞ்சள் கரு.
“முட்டையா!” என்று தொலைபேசியில் அலறுகிறாள்
வெனிஸிலிருந்து நாத்தனார் அலெக்ரா.
நாங்கள் தூரின்காரர்கள். எங்களுக்கு இப்படித்தான்.

இன்றிரவு பாஸ்கா மேசையில் இதற்குப் பெயர் ஹரோசெத்.
பார்வோனுக்குச் செங்கல் அடுக்கிய கைகள்
குழைத்த சாந்தின் நிறம்.
நிறம் மட்டும்.
இனிப்பை யார் சேர்த்தார்களோ.

பின்முற்றத்துச் சுவரைப் பூசுகிறவன்
தண்ணீர் கேட்டு வந்தான்.
வகீஹ். மின்யா ஊர், நைல் கரை.
கிண்ணத்தில் நின்றது கண். “இது என்ன?”
“சாந்து” என்றேன்,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் ஒரு கரண்டி வாங்கி ருசித்தான்.
மீதியைச் சாய்த்து, வழிவதைப் பார்த்தான்.
“இளகல், சின்யோரா. சுவரில் நிற்காது.
எங்கள் பக்கம் வைக்கோல் நறுக்கிப் போடுவோம்.”
இலவங்கப்பட்டையை எடுத்துக் காட்டினேன்:
எங்கள் வைக்கோல்.
சிரித்தான். மீசையில் சிமெண்ட் உதிர்ந்தது.

கூலியெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்றேன்,
பேச்சுக்குத்தான்.
“மேஸ்திரி பெருத்தி மூன்று வாரமாகத் தரவில்லை.
வீட்டுக்காரர்கள் பாக்கியாம்”
என்றான், தம்ளருக்குள் பார்த்தபடி.

வீட்டுக்காரர்கள் என்றால் நான்.
வேலை முடியட்டும், பார்க்கலாம் என்று
இழுப்பறையில் போட்ட காசோலை.
நேற்றிரவு மெழுகுவத்தி ஏந்தி
புளித்த மாவின் துணுக்கு எங்காவது உண்டா என்று
வீடு முழுக்கத் துழாவினேனே,
அந்த இழுப்பறையையும் திறந்தேன்.
காகிதத்தைத் தூக்கி அடியில் துடைத்து
திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

பெருத்தியை நாலு தடவை அழைத்தாயிற்று. எடுக்கவில்லை.
எடுத்தாலும் பணம் அவன் பையோடு நிற்கும்.
வெளியே கொத்துக்கரண்டி சுவரை உரசுகிறது.
சூரியன் விழுந்தால் பண்டிகை; பிறகு எழுதக் கூடாது.

பழைய காசோலையைக் கிழித்தேன்.
புதியதில் பெயருக்கான இடம் காலி.
வகீஹ்... அப்புறம்?
இரண்டு மாதமாக என் வீட்டில் வேலை,
முழுப்பெயர் தெரியாது எனக்கு.

கேட்கத்தான் வேண்டும்.
கதவைத் திறக்கிறேன்.
பிடியெல்லாம் சாந்து.